உலகம் முடிந்த பிறகு வேண்டிய இருபத்து மூன்று சாமான்கள்

மலேசியாவில் பேராக் மாநிலத்தின் வரலாற்றை எழுதியவர்கள் ஈயத்தைப் பற்றியும் ரப்பரைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். முக்கால் இன்ச் ஸ்பானரைப் பற்றி ஒரு வரி கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்க வேண்டுமானால் புக்கிட் செம்பாக்கா தோட்டத்து உடையப்பனிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

பீடோரிலிருந்து தெலுக் இந்தான் போகும் சாலையில் பாதி தூரம் போய், இடப்பக்கம் செம்மண் பாதையில் திரும்பினால் அந்தத் தோட்டம். உடையப்பன் அங்கே தொழிலாளர் வீட்டு வரிசைகளில் நான்காம் லயத்தில் 1936இல் பிறந்தார். அப்பா அப்பாவு ரப்பர் பால்வெட்டுக்காரர். மகனும் கத்தியைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போயிருக்க வேண்டியவர்தான். ஆனால் பதினாலு வயதில், ரப்பர் ஷீட் உருட்டும் ஆலைக்கு எண்ணெய் விடப் போனவர் திரும்பி வரவில்லை. எண்ணெய் விடுபவர், பிட்டருக்கு எடுபிடி, பிட்டர் என்று படிப்படியாக ஏறினார். 1968இல் தோட்டத்துப் பட்டறையின் சாமான் அறைச் சாவி அவர் இடுப்பில் ஏறியது. அன்றிலிருந்து அந்த இடுப்பு சற்றே ஒருபக்கமாகச் சாய்ந்து நடந்தது. சாவியின் கனம் என்றார்கள் சிலர். பதவியின் கனம் என்றாள் அவர் மனைவி நவமணி.

அவர் கொண்டுவந்த ஆட்சிமுறை எளிமையானது. சுவரில் ஒரு பலகை. பலகையில் பட்டறை ஆட்கள் பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு வரிசை. ஆளுக்கு ஐந்து பித்தளை வில்லைகள், ஒவ்வொன்றிலும் அவரவர் எண் பொறித்தது. ஸ்பானர் வேண்டுமென்றால் உங்கள் வில்லையை எடுத்து, ஸ்பானர் தொங்கிய ஆணியில் மாட்டிவிட்டு, ஸ்பானரைக் கொண்டுபோகலாம். ஸ்பானர் திரும்பினால் வில்லை திரும்பும். மானேஜரே ஒருமுறை தன் காருக்கு ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வந்தபோது, அவருக்கு வில்லை இல்லாத காரணத்தால், உடையப்பன் அவருடைய கைக்கடிகாரத்தை வாங்கி ஆணியில் மாட்டினார்.

பதினெட்டு ஆண்டுகளில் காணாமல் போனது ஒரே ஒரு சாமான். முக்கால் இன்ச் ஸ்பானர். அதையும் காணாமல் போனது என்று சொல்ல முடியாது. ஒன்பதாம் எண் வில்லைக்காரரான ஐயாவு அதை முறைப்படி எடுத்தவர். 1970இல், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கொடுக்க முடியாது என்று சொல்லிப் பல பேரை இந்தியாவுக்குக் கப்பலேற்றிய காலத்தில், அவரும் அவசரமாக ஊருக்குப் போக நேர்ந்தது. ஸ்பானர் அவர் கால்சட்டைப் பையிலேயே போய்விட்டது. ஒன்பதாம் எண் வில்லை அதன் ஆணியில் தொங்கிக்கொண்டேயிருந்தது. பட்டறையில் அப்புறம் ஆட்கள் பதினொரு பேர்தான். அந்த வில்லையைக் கழற்றலாமே என்று யாராவது சொன்னால், ஸ்பானர் திரும்பட்டும், கழற்றலாம் என்பார் உடையப்பன். வெளியே போன சாமானுக்கு வில்லை நிற்க வேண்டும் என்பது சட்டம். சட்டத்துக்குக் கப்பல் தெரியாது.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில், 1986ஆம் வருடம், உலகம் அழிந்தது.

அழித்தவர் ஜெயபாலன். தோட்டத்து ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி கதிரவேலுவின் மகன். இங்கிலாந்தில் எஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தவர் நீண்ட விடுமுறைக்கு வந்தபோது, அப்பாவுக்கு ஒரு கம்பளிச் சட்டையும் தனக்கு ஒரு அட்டைப்பெட்டியும் கொண்டுவந்தார். பெட்டிக்குள் புத்தகங்கள், வரைபடங்கள், பல முகங்கொண்ட பகடைகள். அது ஒரு விளையாட்டு. பெரிய போர் நடந்து, அணுகுண்டு விழுந்து, அரசாங்கங்கள் எல்லாம் போய்விட்டன. கரண்டு இல்லை, டீசல் இல்லை, தபால் இல்லை. சிதறிப்போன படையின் மிச்சம் சில சிப்பாய்கள் ஒரு லாரியையும் ஒரு டாங்கியையும் தள்ளிக்கொண்டு வீடு திரும்ப வழி தேடுகிறார்கள். சிப்பாய்களாக உட்கார்ந்திருப்பவர்கள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். முடிந்ததா இல்லையா என்று பகடை சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கிராணிமார் கிளப்பில் ஆட்டம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் சீனி, தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ராஜு, ஜெயபாலன் மூவரும்தான் முதலில். புத்தகத்தில் போர்க்களமாக இருந்த ஐரோப்பா யாருக்கும் பிடிபடாததால் ராஜு போரைப் பேராக்குக்கு மாற்றினார். டாங்கி தெலுக் இந்தானில் நிற்கிறது. லூமுட் கடற்படைத் துறையில் கடைசிக் கப்பல் காத்திருக்கிறது. போய்ச் சேர்ந்தால் பிழைத்தார்கள். சீனி முதல் நாளே தன்னை ஜெனரலாக அறிவித்துக்கொண்டார். நிஜ வாழ்க்கையில் அவர் கையில் இருந்த உச்ச அதிகாரம் வயிற்றுப்போக்கு மருந்து.

டாங்கி கிளம்பவில்லை. அங்கேதான் உடையப்பன் வரலாற்றுக்குள் நுழைகிறார். பட்டறை அனுபவம் உள்ள ஒருவர் வேண்டும் என்று சீனிதான் அவரைக் கூப்பிட்டு வந்தார். ஜெயபாலன் மரியாதையாக நாற்காலி போட்டு, நிலவரத்தை விளக்கி, டாங்கியை ரிப்பேர் செய்யலாம் அண்ணே, இந்தப் பகடையை உருட்டுங்கள் என்றார்.

உடையப்பன் பகடையைத் தொடவில்லை.

“எந்த ஸ்பானரு?” என்றார்.

ஜெயபாலன் புத்தகத்தைப் புரட்டினார். கருவிப்பெட்டி ஒன்று, எடை இருபது கிலோ என்று போட்டிருந்தது. உள்ளே என்ன என்று உடையப்பன் கேட்டார். அது போடவில்லை.

“போடலன்னா? இருவது கிலோ வெள்ளரிக்காயா தம்பி?”

“அண்ணே, அது சும்மா ஒரு கணக்குலா. எல்லா டூல்ஸும் இருக்குன்னு வச்சிக்கணும்.”

“வச்சிக்கணும்னா எங்க வைப்ப? யாருகிட்ட சாவி? யாரு எடுத்தா, யாரு குடுத்தா? உலகம் அழிஞ்சது குண்டுனால இல்ல தம்பி. இந்த மாதிரி சாமான் ரூம் வச்சிருந்தா தானாவே அழியும்.”

அன்றைய ஆட்டம் அத்தோடு நின்றது. ஜெனரல் சீனி மூன்று மணி நேரம் டாங்கிக்குள் உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம். இருக்கும் நிலைமைக்கு என்னென்ன சாமான் வேண்டுமென்று தானே எழுதித் தருவதாகவும், அதுவரை யாரும் எதையும் ரிப்பேர் செய்யக்கூடாது என்றும் உடையப்பன் உத்தரவு போட்டுவிட்டுக் கிளம்பினார்.

அந்த வாரமே ஈப்போ நகரிலிருந்த தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ரப்பர் விலை விழுந்து கிடந்த வருடம் அது. கம்பெனிக்கு ஆறு தோட்டங்கள், ஆறு பட்டறைகள். அவற்றில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மூட முடிவாகியிருந்தது. எந்த இரண்டு என்று தீர்மானிக்க ஒவ்வொரு பட்டறையும், குறைந்தபட்சம் எந்தச் சாமான்கள் இல்லாமல் தன்னால் நடக்க முடியாது என்று ஒரே பக்கத்தில் எழுதி, அடுத்த வாரம் செவ்வாய்க்குள் அனுப்ப வேண்டும்.

பட்டறை போனால் வேலை போகும். தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். லயத்து வீடு சம்பளத்தோடு ஒட்டிப் பிறந்தது. பிறந்து ஐம்பது வருடம் ஒரே லயத்தில் இருந்தவருக்கு, அந்த லயத்தில் ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. நவமணி இன்னும் பால்வெட்டப் போய்க்கொண்டிருந்தாள். ஆனால் அவள் பால்வெட்டிய மரங்களைச் சாய்த்து எண்ணெய்ப்பனை நட ஏற்கெனவே சுண்ணாம்பில் குறி போட்டுவிட்டிருந்தார்கள்.

ஆகவே உடையப்பன் அந்த வாரம் இரண்டு பட்டியல்கள் எழுதினார். இரண்டையுமே, இயற்கையாகவே, சாமான் கேட்கும் இண்டெண்ட் படிவத்தில், மூன்று பிரதிகளாக, நடுவில் கார்பன் வைத்து எழுதினார். சாமான் பட்டியலை வேறு காகிதத்தில் எழுத முடியும் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் செய்திருக்க மாட்டார். வெள்ளைப் பிரதி சம்பந்தப்பட்டவருக்கு, இளஞ்சிவப்பு ஆபீசுக்கு, மஞ்சள் புத்தகத்திலேயே.

தலைமை அலுவலகத்துக்கான பட்டியலை எழுதும்போது ஒவ்வொரு சாமானிலும் பேனாவை நிறுத்தினார். எது இல்லாமல் நடக்க முடியாது? எதை விட்டால் பட்டறையை மூடுவார்கள்? பயந்தவன் எதையும் விட மாட்டான். முந்நூற்றுப் பன்னிரண்டு சாமான்கள் ஆறு பக்கத்தில் வந்து நின்றன. தேய்ந்துபோன அரங்கள் பதினான்கும் அதில் இருந்தன.

போர் முடிந்த பிறகான பட்டியல் ஒரே மூச்சில் வந்தது. அங்கே பயப்பட எதுவும் மிச்சமில்லை, எல்லாம் ஏற்கெனவே போய்விட்டது. பட்டடைக்கல் ஒன்று. துருத்தி ஒன்று. பெரிய வைஸ் ஒன்று. கையால் சுற்றும் டிரில். மரையறுக்கும் டாப்-டை செட். செயின் பிளாக், இரண்டு டன். பழைய லாரி ஸ்பிரிங் தகடுகள், ஏனென்றால் அதிலிருந்து உளி அடிக்கலாம், கத்தி அடிக்கலாம். படிவத்தில் ‘எதற்காக’ என்ற கட்டத்தில் பட்டறை இங்கிலீஷில் இப்படி எழுதினார்: போர் முடிந்தது. கரண்டு இல்லை. சப்ளையர் இல்லை. ஆட்கள் பன்னிரண்டு. பன்னிரண்டு என்று ஜெயபாலன் சொல்லவில்லை. பன்னிரண்டு வரிசைப் பலகை இல்லாத படையை உடையப்பனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பதினேழாவதாக ஒரு மெஷின் கன் வந்தது. அது ஜெனரல் சீனியின் பிடிவாதம். இருபத்தோராவது, உயிருள்ள ஆடு ஒன்று: துருத்திக்குத் தோல் வேண்டும், தோல் தேவைப்படும் வரை பால் தரும். இருபத்திரண்டாவது, முக்கால் இன்ச் ஸ்பானர், ஐயாவு வசம். இருபத்து மூன்றாவது வில்லைப் பலகை. பக்கத்தில் ஒரு குறிப்பு: இது இல்லாவிட்டால் மற்ற இருபத்திரண்டும் ஒரு வாரம் தாங்காது.

வெள்ளைப் பிரதியை ஞாயிற்றுக்கிழமை ஜெயபாலனிடம் கொடுத்தார். ஆறு பக்கப் பட்டியலைச் சனிக்கிழமையே ஆபீசில் கொடுத்திருந்தார். அதைப் பெரிய கிராணி கதிரவேலு எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரு பக்கம் என்றால் ஒரு பக்கம், சுருக்கி எழுதிக்கொண்டு வாரும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கதிரவேலு யாழ்ப்பாணத்துக்காரர். முப்பத்தொரு வருட சர்வீஸ். எந்தப் பேப்பரையும் அதன் உள்ளடக்கத்தை வைத்து எடைபோடும் பழக்கம் அவருக்குக் கிடையாது. சரியான படிவமா, சரியான நிறமா, சரியான எண்ணிக்கையா என்று பார்ப்பார். சரியென்றால் சீல். அந்த ரப்பர் சீலை அவர் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். மனைவி சாரதாதேவி சட்டை துவைக்கும்போதெல்லாம் அது பையிலிருந்து விழுந்து, அவர்கள் வீட்டுத் தலையணை உறைகள் பலவும் அங்கீகரிக்கப்பட்டிருந்தன.

திங்கட்கிழமை காலை அவர் பசியாற உட்கார்ந்தபோது, சாப்பாட்டு மேசையில் மகன் விட்டுவைத்த அட்டைப்பெட்டிக்கு அடியில் ஒரு வெள்ளை இண்டெண்ட். உடையப்பனின் கையெழுத்து. ஒரே ஒரு பக்கம். சொன்ன பேச்சைக் கேட்டு மனிதன் சுருக்கி எழுதி, மகனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறான் என்று அவருக்கு நிறைவாக இருந்தது. சாம்பார் படாமல் ஓரமாக வைத்து, சீல் அடித்து, மானேஜரின் கையெழுத்துக் கட்டுக்குள் செருகினார். மானேஜர் கட்டைப் படிப்பதில்லை, கையெழுத்துப் போடுவார். மத்தியானம் தபால் பை ஈப்போவுக்குப் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை உடையப்பன், ராத்திரி பகலாகச் சுருக்கி நான்கு பக்கமாக்கிய பட்டியலோடு ஆபீசில் வந்து நின்றார்.

“உது என்னத்துக்கு?” என்றார் கதிரவேலு. “உம்மட லிஸ்ட் நேற்றே போயிட்டுது.”

“இன்னும் நான் குடுக்கவே இல்லையே கிராணி ஐயா.”

“என்ர மேசையில கிடந்தது. ஒரு பக்கம். நல்ல வடிவா எழுதியிருந்தீர்.”

எந்த மேசை என்று உடையப்பன் கேட்டார். சாப்பாட்டு மேசை என்று பதில் வந்தது. உடையப்பன் பக்கத்திலிருந்த பெஞ்சைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். பெரிய கிராணியின் முன்னால் அவர் உட்கார்ந்தது பதினெட்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

விஷயம் விளங்கியபோது கதிரவேலுவின் முகம் வெள்ளைப் பிரதியின் நிறத்துக்கு வந்தது. தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்து சொல்லிவிடலாம் என்று உடையப்பன் கெஞ்சினார். கதிரவேலு வெகு நேரம் யோசித்தார். தவறு என்று சொன்னால், தவறான பேப்பரில் சீல் அடித்தது யார் என்ற கேள்வி வரும். முப்பத்தொரு வருடத்தில் வராத கேள்வி.

“சீல் வச்ச பேப்பர் பிழையா இருக்க ஏலாது,” என்றார் கடைசியில். “இனி அதுதான் எங்கட லிஸ்ட். விளங்குதோ?”

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது நவமணி அழவில்லை. பட்டியலில் என்னென்ன இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் மஞ்சள் பிரதியைப் பார்த்து வாசித்தார். மெஷின் கன்னுக்குக்கூட அவள் முகம் மாறவில்லை.

“ஆட்டையுமா எழுதுன?”

“தோலுக்கு.”

“பட்டறைய மூடிட்டு வீட்டக் காலி பண்ணச் சொன்னா, இந்தத் தோல வச்சா கூர போடப் போற? அம்பது வயசுல எங்க போயி நிக்கிறது நாம?”

அவர் இண்டெண்ட் புத்தகத்தை மூடி வைத்தார். அன்று முதல் அவள் அலுமினியப் பாத்திரங்களைக் கோணியில் கட்ட ஆரம்பித்தாள். தினமும் ஒன்று கட்டுவாள். சமைக்கத் தேவைப்பட்டால் மறுநாள் அதையே அவிழ்ப்பாள்.

சீனி தன் பங்குக்கு ஆறுதல் சொல்ல வந்தார். மெஷின் கன் கேட்டு எழுதினவனை இந்த நாட்டில் வழக்கில்லாமலே உள்ளே வைக்கலாம், ஆனால் உள்ளே வாடகை கிடையாது மச்சான், வீட்டுப் பிரச்சனை தீர்ந்துவிடும் என்றார். எழுதச் சொன்னவன் நீதானே என்று உடையப்பன் கேட்டதும், ஜெனரல் அவசரமாக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அடுத்த இரண்டு ஞாயிறும் ஆட்டம் நடக்கவில்லை. கப்பல் லூமுட்டில் சும்மா நின்றது.

மூன்றாவது வாரம் புதன்கிழமை தலைமை அலுவலகத்து எஞ்சினியர் தியோ நேரில் வந்தார். ஒல்லியான மனிதர், சிரிப்பே கிடையாது. கையில் ஒரு கிளிப் பலகை, அதில் அந்த வெள்ளைத் தாள். பின்னால் மானேஜர். மானேஜருக்கும் பின்னால், தன் சீலையே பார்க்க விரும்பாதவராகக் கதிரவேலு.

தியோ நேராகப் பட்டறைக்குள் போனார். பட்டியலை மேலிருந்து கீழாக வாசித்து, ஒவ்வொரு சாமானையும் காட்டச் சொன்னார். பட்டடைக்கல்லை உடையப்பன் காட்டினார். தியோ அதைச் சுத்தியலால் தட்டிக் கேட்டுவிட்டு ஒரு டிக் போட்டார். துருத்தி, பழசு, ஆனால் காற்று வந்தது. டிக். கை டிரில்லை அவரே சுற்றிப் பார்த்தார். கரண்டு இல்லாமல் அரை இன்ச் துளை போட எவ்வளவு நேரமாகும் என்று மலாய் மொழியில் கேட்டார். உடையப்பன் ஓர் இரும்புத் தகட்டை வைஸில் கவ்வவிட்டு, எண்ணெய் விட்டு, சுற்றிக் காட்டினார். பதினோரு நிமிடம். தியோ கடிகாரத்தைப் பார்த்தபடி பதினோரு நிமிடமும் நின்றார். ஒருவரும் இருமவில்லை. ஒன்று முதல் பதினாறு வரை பதினாறு டிக் விழுந்தன. ஒவ்வொரு டிக்குக்கும் உடையப்பனின் சட்டை முதுகில் ஒரு விரற்கடை கூடுதலாக ஒட்டிக்கொண்டது. பதினேழு வரப்போகிறது.

தியோ தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“மெஷின் கன்?” என்றார்.

உடையப்பனின் மூளை அந்த நேரத்தில் வேலை செய்யவில்லை. ஆனால் வாய், பதினெட்டு வருடமாக, அலமாரியில் இல்லாத எந்தச் சாமானைக் கேட்டாலும் ஒரே பதிலைச் சொல்லிப் பழகிய வாய்.

“பெலும் சம்பாய், துவான்,” என்றது அது. இன்னும் வந்து சேரவில்லை, ஐயா.

தியோ தலையாட்டினார். சப்ளையர்களைப் பற்றி அவருக்கும் அனுபவம் இருந்திருக்க வேண்டும். பதினேழுக்கு எதிரே, பாக்கி என்று எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போனார்.

இருபத்தொன்றுக்கு வந்தபோது உடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குள் பட்டறைக்குப் பின்னாலிருந்து ஆடு கத்தியது. நவமணி அன்று காலை மரத்துக்குப் போகும் வழியில், இத்தனை பொய்க்கு நடுவில் ஒன்றாவது உண்மையாக இருக்கட்டும் என்று, தன் வெள்ளாட்டைச் சாமான் அறை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுப் போயிருந்தாள். ஆட்டின் கழுத்தில் கயிறு, கயிற்றில் ஒரு பித்தளை வில்லை. உடையப்பனின் சொந்த எண். ஆடும் முறைப்படிதான் வெளியே எடுக்கப்பட்டிருந்தது.

தியோ ஆட்டைப் பார்த்தார். ஆடு கிளிப் பலகையைப் பார்த்தது. டிக்.

இருபத்திரண்டுக்கு ஆணியில் தொங்கிய ஒன்பதாம் எண் வில்லையைத் தொட்டுப் பார்த்தார், எத்தனை நாளாக என்று கேட்டார். பதினாறு வருடம் என்று உடையப்பன் உண்மையைச் சொன்னார். தியோ முதன்முதலாக நேராக அவர் முகத்தைப் பார்த்தார். தாளின் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். கடைசி டிக்கை வில்லைப் பலகைக்குப் போட்டுவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

கடிதம் வர இன்னும் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளில் நவமணி இட்லிச் சட்டியை நான்கு தடவை கட்டி நான்கு தடவை அவிழ்த்தாள். கடிதத்தைப் பட்டறைக்குக் கொண்டுவந்தவர் கதிரவேலுவே. பெரிய கிராணி பட்டறைக்கு நடந்து வந்தார் என்பதே ஒரு செய்தி. வேட்டியில் கிரீஸ் படுவதைக்கூடக் கவனிக்கவில்லை.

நடந்தது இதுதான். மற்ற ஐந்து தோட்டங்களும், குறைந்தபட்சம் என்ற சொல்லைச் சடங்காக எடுத்துக்கொண்டு, புதுக் கடைசல் இயந்திரம், வெல்டிங் செட் இரண்டு, ஃபோர்மனுக்கு ஏர்கண்டிஷன் என்று எழுதியிருந்தன. புக்கிட் செம்பாக்கா ஒன்றுதான் கம்பெனியின் உண்மையான நிலவரத்தைப் புரிந்துகொண்டிருந்தது. கரண்டு இல்லை, சப்ளையர் இல்லை, உதிரி சாமான் இல்லை, பன்னிரண்டு ஆட்கள், சுற்றிலும் அழிவு: தலைமை அலுவலகத்துக்கு இது கற்பனையாகவே படவில்லை. அடுத்த வருடத்துக்கு அவர்கள் போட்டிருந்த திட்டமே அதுதான். இத்தனை தொலைநோக்கோடு ஒரு சாமான் அறைப் பொறுப்பாளர் சிந்தித்திருப்பதைக் கடிதம் பாராட்டியிருந்தது. பட்டறை தொடர்ந்து நடக்கும். மூடப்படும் இடங்களின் கைக்கருவிகள் இங்கே அனுப்பப்படும். ஆட்கள் பன்னிரண்டு என்று பட்டியலில் இருப்பதால், குறையும் ஒரு ஆளை மூடப்படும் பட்டறை ஒன்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு குறிப்புகள். பதினேழு: போலீஸ் இலாகாவிடம் தனியாக விண்ணப்பிக்கவும். இருபத்தொன்று: தீவனம் உள்ளூரிலேயே பார்த்துக்கொள்ளவும். இருபத்திரண்டு: திரு. ஐயாவுவிடமிருந்து உடனடியாகத் திரும்பப் பெற்று அறிக்கை அனுப்பவும்.

கதிரவேலு வாசித்து முடித்தார். மற்றப் பத்துப் பேரும் உடையப்பனைப் பார்த்தார்கள். அவர் ஓர் அரத்தை எடுத்து, பார்த்து, திரும்ப அதே இடத்தில் வைத்தார். பிறகு வெளியே போய் ஆட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, முழங்காலுக்கு நடுவில் தலையை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் போனவர்கள், அவர் சிரிப்பதைப் பார்த்துத் திரும்பி வந்தார்கள். இரண்டும்தான் என்று பின்னால் நவமணியிடம் ஒப்புக்கொண்டார்.

“நான் சொன்னன்தானே,” என்றார் கதிரவேலு, கண்ணாடியைத் துடைத்தபடி. “சீல் வச்ச பேப்பர்.”

அன்று சாயந்தரம் நவமணி எல்லாப் பாத்திரங்களையும் ஒரேயடியாக அவிழ்த்து, கழுவி, அடுக்கினாள். கோணியை மடித்து ஆட்டுக்குப் படுக்கையாகப் போட்டாள். ஆடு இப்போது கம்பெனிச் சாமான். அதன் பாலைக் கறப்பதற்கு முன் வில்லை மாட்ட வேண்டுமா என்று கேட்டாள். உடையப்பன் அதை உண்மையாகவே சிறிது நேரம் யோசித்தார்.

மூடிய பட்டறை ஒன்றிலிருந்து பத்துமலை என்ற பிட்டர் அடுத்த மாதம் வந்து சேர்ந்தார். அங்கே அவரோடு வேலை செய்த எட்டுப் பேருக்கு இடமில்லை. காலியாக இருந்த ஒன்பதாம் வரிசையைக் கொடுக்கலாமே என்று சீனி சொன்னார். உடையப்பன் பலகையின் அடியில் ஒரு துண்டு மரத்தைச் சேர்த்து ஆணியடித்து, பதின்மூன்று என்று ஐந்து வில்லைகள் புதிதாக வெட்டி, ஓரத்தை அரத்தால் வழவழப்பாக்கி, பத்துமலையின் கையில் கொடுத்தார்.

ஐயாவு பற்றிய அறிக்கையை எழுத அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. கடைசியில் இண்டெண்ட் படிவத்தில், மூன்று பிரதிகளாக, ஒரே வரி: ஐயாவு விடுப்பில் இருக்கிறார், வந்ததும் பெறப்படும். கதிரவேலு சீல் அடித்தார். தலைமை அலுவலகம் ஏற்றுக்கொண்டது. அது இன்றுவரை கோப்பில் இருக்கிறது.

ஜெயபாலன் இங்கிலாந்துக்குத் திரும்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஆட்டம் கூடியது. டாங்கி இன்னும் தெலுக் இந்தானில்தான். ஜெனரல் சீனி உள்ளே அடைபட்டு ஏழு வாரமாகிவிட்டது. எதிரிகள் ஆற்றுக்கு அக்கரையில் வந்துவிட்டதாக ஜெயபாலன் அறிவித்தார். சீனி பரிதாபமாக உடையப்பனைப் பார்த்தார்.

“மச்சான், அந்த முக்கா இன்ச்ச குடுலா. வில்லை எல்லாம் அக்கரையில போச்சு. ஓடறப்ப விழுந்துருச்சு.”

ராஜு பென்சிலைக் கீழே வைத்தார். ஜெயபாலன் பகடையை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். வில்லை இல்லாமல், அதுவும் ஐயாவு வசம் இருக்கும் ஸ்பானரைக் கேட்பது என்ன துணிச்சல் என்று இருவருக்கும் தெரியும்.

உடையப்பன் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே, நான்காம் லயத்துக் கூரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றில் ஒன்றிலிருந்து, தன் வீட்டிலிருந்து, சமையல் புகை வந்துகொண்டிருந்தது.

“எடுத்துக்க,” என்றார். “வேல முடிஞ்சதும் வந்துரணும்.”

பிறகு தானே கையை நீட்டிப் பகடையை வாங்கி உருட்டினார்.